வடக்கு எந்தப் பக்கம்

ஜூன் 14, வெள்ளி

சாமியாத்தாள் வழக்கில் இன்று தீர்ப்பு வாசித்தேன். நாற்பத்தொரு பத்தி. இந்த ஊர் முன்சீப் கோர்ட்டுக்கு நீதிபதியாக வந்த பதினெட்டு மாதத்தில் நான் எழுதியவற்றில் இதுதான் நல்ல தீர்ப்பு. இதை வேறு யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன். நீதிபதி ஊரில் யாரோடும் ஒட்டக் கூடாது. கல்யாணத்துக்குப் போகக் கூடாது, டீக்கடையில் நிற்கக் கூடாது. அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

எங்கள் கோர்ட் நடப்பது பழைய கல்யாண மண்டபத்தில். சொந்தக் கட்டடம் வரும்வரை வாடகைக்கு எடுத்தார்களாம், ஒன்பது வருடமாகிறது. மணமேடைதான் என் மேடை. தலைக்கு மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு அன்னங்கள் இன்னும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே உட்கார்ந்துதான் விவாகரத்து தவிர மற்ற எல்லாச் சண்டைக்கும் நியாயம் சொல்கிறேன்.

வழக்கு சின்னது. சாமியாத்தாள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் தறிக்காரர் குழந்தைவேலின் நிலம். அதன் ஒரு ஓரமாகத்தான் அந்த அம்மாள் நாற்பது வருடமாக மாடு ஓட்டிப் போகிறார். குழந்தைவேல், ‘அது நான் பார்த்து விட்ட வழி, உரிமை கிடையாது’ என்றார். பழைய பத்திரத்தில் ‘கிணற்றை ஒட்டிய தடம்’ என்று இருக்கிறது. உரிமை உண்டு என்று முடிவு செய்தேன்.

‘கிணற்றை ஒட்டிய’ என்று மொட்டையாக விட்டால் நாளைக்கு இன்னொரு சண்டை வரும். அதனால் இடத்தைப் பார்த்துவரக் கோர்ட் அனுப்பிய வக்கீல் கமிஷனர் போட்ட வரைபடத்தைப் பார்த்து நானே திசை சேர்த்தேன். வடக்கு எல்லைக் கல்லிலிருந்து ஆறடி அகலம் வாதிக்கு வழி. தெற்கு ஓரத்தில் அவருக்கு எந்த உரிமையும் இல்லை. இருபத்துமூன்றாம் பத்தி. அதை டிக்டேட் செய்யும்போது டைப்பிஸ்ட் கோகிலமணி நடுவில் ஏதோ கேட்டார். ஓட்டத்தில் குறுக்கே பேசக் கூடாதென்று எத்தனை தடவை சொல்வது.

தீர்ப்பு கேட்டதும் சாமியாத்தாள் கூண்டைத் தொட்டுக் கும்பிட்டார். கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் முழுக்க அச்சுவெல்லம். டவாலி ஆறுச்சாமி எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்தார். வாங்கக் கூடாதென்று திருப்பி அனுப்பினேன். வாசனை நன்றாக இருந்தது.

ஜூன் 15, சனி

என் கணவன் லியோன் வந்திருக்கிறான். பதினைந்து நாளுக்கு ஒரு சனி, தூத்துக்குடியிலிருந்து மூன்று பஸ் மாறி வருகிறான். மக்ரூன் பெட்டி, நெத்திலிக் கருவாடு, என் அம்மா கொடுத்த ஒரு தலையணை உறை. துறைமுகத்தில் கடல் வரைபடம் வரைகிற பிரிவில் இருப்பதால் எதைப் பார்த்தாலும் அளப்பான். வந்ததும் ஜன்னல் திரை இரண்டு அங்குலம் குட்டை என்றான்.

சாப்பிடும்போது தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். திறந்த கோர்ட்டில் வாசித்தாயிற்று, இனி ரகசியமில்லை. தட்டுதான் குழந்தைவேல் நிலம். மேலே மக்ரூன் பெட்டி கிணறு. வலது கைப்பக்கம் தண்ணீர்ச் செம்பு ரோடு. இடது பக்கம் ஊறுகாய்ப் பாட்டில் சாமியாத்தாள் வீடு. சாட்சிக் கூண்டில் அந்த அம்மாள் சொன்னதையும் சொன்னேன். அதைப் பத்தொன்பதாம் பத்தியில் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன்: ‘காத்தால பால் ஊத்த ரோட்டுக்குப் போறப்ப முதுகுல வெயில் சுள்ளுனு அடிக்கும், அப்பருந்து அதே தடந்தானுங்க.’ நாற்பது வருடத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டாரல்லவா?

லியோன் சோற்றை உருட்டிக்கொண்டே, “சரிட்டி, வடக்கு எந்தப் பக்கம்?” என்றான்.

“மேலேதான். பெட்டி இருக்கும் பக்கம்.”

“காலைல ரோட்டுக்குப் போவையில முதுகுல வெயில் அடிக்குன்னா ரோடு மேக்கல்லா இருக்கணும்? நீ கிழக்கால வச்சிருக்க.”

“எல்லாத்தையும் கடல்மாதிரி பார்க்காதே” என்றேன். ரசம் ஊற்றினேன்.

ஜூன் 16, ஞாயிறு

லியோன் மதியமே கிளம்பிவிட்டான். தண்ணீர்ச் செம்பைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஜூன் 17, திங்கள்

காலையில் பதினெட்டு வழக்கு அழைத்தோம், ஏழு வாய்தா. மின்சாரம் இரண்டு மணி நேரம் இல்லை. காற்று ஆரம்பித்துவிட்டது, மேடையில் தாள் எல்லாம் பறக்கிறது. ஆறுச்சாமி ஆற்றுக் கூழாங்கற்கள் பொறுக்கி வந்து கொடுத்தார்.

வேறொரு விஷயமாகச் சாமியாத்தாள் வழக்குக் கட்டை எடுத்து வரச் சொன்னேன். வரைபடத்தில் கீழே கமிஷனரின் முத்திரைக்குப் பக்கத்தில் கொசு அளவுக்கு ஓர் அம்பு இருக்கிறது. பக்கத்தில் ‘வ’. அம்பு கீழ்நோக்கி இருக்கிறது. பேனா தவறி இழுத்ததாகவும் இருக்கலாம்.

ஜூன் 18, செவ்வாய்

கமிஷனரின் அறிக்கையையும் படித்தேன், பேனா தவறவில்லை. கமிஷனர் குழந்தைவேல் தறிப்பட்டறை வாசலில் நின்று தெற்கே பார்த்தபடி வரைந்திருக்கிறார். கண்ணுக்கு எதிரே இருந்ததைத் தாளின் மேலே போட்டுவிட்டார். அதில் தப்பில்லை, அம்பு போட்டிருக்கிறார். நான்தான் அம்பைப் பார்க்கவில்லை. கிணறு தெற்கே இருக்கிறது.

அதாவது, அந்த அம்மாளுக்கு வழி உண்டு என்று ஜெயிக்கவைத்து, நடந்துபோன வழியை நானே பிடுங்கியிருக்கிறேன். இரண்டு வக்கீலும் கவனிக்கவில்லை. ஜெயித்தவர் ‘அனுமதிக்கப்படுகிறது’ என்ற சொல்லோடு நிறுத்தியிருப்பார், தோற்றவர் அதையும் படித்திருக்க மாட்டார்.

ஒரு தீர்ப்பு கையெழுத்துப் போடும்வரைதான் என்னுடையது. போட்டபிறகு நான் தொட முடியாது. கைத்தவறு, கணக்குத் தவறு என்றால் நானே திருத்தலாம், சட்டம் விடுகிறது. யோசித்து, காரணம் சொல்லி எழுதிய முடிவு தப்பென்றால் கட்சிக்காரர் யாராவது மறுஆய்வு மனு போட வேண்டும், இல்லை மேல்கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதற்கு முப்பது நாள்தான். ‘அம்மா, நான் தப்பாக எழுதிவிட்டேன், மனு போடுங்கள்’ என்று ஒரு தரப்புக்கு நான் ஆள் அனுப்ப முடியாது. ஊரையே உள்ளே தள்ளும் அதிகாரம் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுத அதிகாரமில்லை.

என் தகுதிகாண் பருவம் முடிந்து, பணி நிரந்தரத்துக்கான அறிக்கை மாவட்ட நீதிபதி மேசையில் இருக்கிறது. அதை இதோடு சேர்த்து எழுத வேண்டிய அவசியமில்லை. சும்மா எழுதினேன்.

ஜூன் 19, புதன்

பொதுவாகக் கேட்பதுபோல ஹெட்கிளார்க் கனகசபாபதியிடம் கேட்டேன். முப்பது வருட சர்வீஸ், பொதுவாகக் கேட்டதாக அவர் நம்பவில்லை.

“இதுக்கெதுக்குங்கம்மா ரோசனை? டைப்பிங் மிஸ்டேக்குன்னு ஒரு வரி. வடக்குங்கற எடத்துல தெற்கு, தெற்குங்கற எடத்துல வடக்கு. கோகிலமணிக்குப் பேருக்கு ஒரு மெமோ. அத்தோட முடிஞ்சுதுங்க.”

“பார்க்கலாம்” என்றேன்.

‘கூடாது’ என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? மாலையில் மூன்று துணி துவைத்தேன், இரண்டு அழுக்கே இல்லாதவை.

ஜூன் 20, வியாழன்

மாலை ஐந்தரைக்குக் குவார்ட்டர்ஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மெயின்ரோட்டில் மூன்று மாடுகள், பின்னால் சாமியாத்தாள். முதல் மாட்டுக்கு ஒரு கொம்பு வளைந்திருக்கிறது, கழுத்தில் மணி. லாரிகள் ஹாரன் அடிக்க, அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையை நீட்டி லாரியை நிறுத்தி மாட்டைக் கடத்துகிறார்.

இந்தப் பக்கம் ஏன் வருகிறார் என்று ஆறுச்சாமியைக் கேட்டேன். “கொழந்தவேலு தெக்கால கேட்டுப் போட்டுப் பூட்டீட்டாருங்க. கோர்ட்டுத் தீர்ப்புன்னு போர்டே வெச்சுட்டாருங்க. வடக்கால பாறைங்க, ஆடுகூட எறங்காது. அதான் ரெண்டு மைல் சுத்தி வருதுங்க பாவம்.”

என் பேரில்தான் அந்தப் போர்டு. எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

கோகிலமணியைக் கூப்பிட்டேன். கணவர் கோபியில் வேலை பார்க்கிறார், இவர் மாறுதல் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். மெமோ ஒன்று விழுந்தால் அந்த மனு அப்படியே தூங்கும். எனக்குத் தெரியும், ஹெட்கிளார்க்குக்கும் தெரியும்.

“அன்றைக்கு நான் டிக்டேட் செய்யும்போது நடுவில் என்ன கேட்டீர்கள்?”

“ஒண்ணுமில்லீங்கம்மா.”

“சொல்லுங்க.”

நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வடக்குத்தானுங்களான்னு கேட்டேனுங்க. எங்க சித்தி ஊடு அந்தப் பக்கந்தானுங்க. கெணறு தெக்கால இருக்கும். நீங்க, ‘சொன்னத அடிங்க’ன்னீங்க. அடிச்சுட்டேனுங்க.”

அவர் போனபிறகு நெடுநேரம் அன்னங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்காம் தேதிக் குறிப்பில் ‘ஏதோ கேட்டார்’ என்று எழுதியிருக்கிறேன். என்ன கேட்டார் என்று அன்றைக்கே என் காதில் விழுந்தது. ஹெட்கிளார்க்கைக் கூப்பிட்டு, மெமோ பேச்சு இனி எடுக்கக் கூடாது என்று சொன்னேன். “உங்க நல்லதுக்குத்தானுங்க சொன்னேன்” என்றார். அதுவும் உண்மைதான்.

ஜூன் 24, திங்கள்

காலை அழைப்பு பாதியில் சாமியாத்தாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஆறுச்சாமி, “உங்க கேசு முடிஞ்சுதுங்காத்தா, வெளிய வாங்க” என்று கையை விரித்து மறித்தார். “ஆறுச்சாமி, விடுங்க” என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.

“ஏனுங்கம்மா, செயிச்சுட்டேன்னு வெல்லமெல்லாங் குடுத்துப்போட்டனுங்க. ஊட்டுக்குப் போயிப் பாத்தா எனக்குப் பாறையக் குடுத்திருக்கறீங்க. மாடு எப்படீங்க பாறை மேல போகும்? ஒருவேள எனக்குத்தான் வெளங்கலீங்களா?”

கோர்ட் சிரித்தது. அவருடைய வக்கீல் மயில்சாமி அவசரமாக எழுந்து, “மன்னிக்கணுங்கம்மா, அவங்களுக்குத் தெரியாது” என்றார். குழந்தைவேலின் வக்கீலும் வேறொரு வழக்குக்காக முன்வரிசையில் இருந்தார். இரண்டு தரப்பும் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது. யாருக்கும் நான் காதோடு சொல்லவில்லை. கட்டை எடுத்து வரச் சொல்லி மேசையில் வைத்தேன்.

“இரண்டு பேரும் சேர்ந்து வந்து பாருங்கள். பத்தொன்பதாம் பத்தியைப் படியுங்கள். பிறகு இருபத்துமூன்று. பிறகு கமிஷனர் வரைபடத்தை எடுத்து, வடக்கு எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்.”

மயில்சாமி கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். தாளைத் திருப்பினார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். மற்றவர் தாளைத் தொடவே இல்லை, “கட்சிக்காரரைக் கேட்டுச் சொல்லணுங்கம்மா” என்றார். மேடை மேல் இருந்த கூழாங்கல்லை நான் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது மதியம்தான் தெரிந்தது.

ஜூன் 26, புதன்

மயில்சாமி மறுஆய்வு மனு போட்டார். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ். மதியம் கீரைக் குழம்பு, உப்பு சரியாக இருந்தது.

ஜூன் 29, சனி

லியோன் வந்தான். மனு நிலுவையில் இருப்பதால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் கேட்கவில்லை. தலை வடக்கே இருக்கிறது, கட்டிலைத் திருப்பிப் போடு என்றேன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சிரித்தான். பதினெட்டு மாதமாக அப்படித்தான் படுத்திருந்திருக்கிறேன்.

ஜூலை 6, சனி

நேரில் போய்ப் பார்ப்பதாக இரண்டு தரப்புக்கும் தேதி கொடுத்திருந்தேன். சட்டப்படி நீதிபதிக்கு அந்த அதிகாரம் உண்டு. முதல் தடவையே போயிருந்தால் இத்தனை இல்லை, ஆனால் வரைபடம்தான் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

கோகிலமணி குறிப்பெடுத்தார், ஆறுச்சாமி டேப்பைப் பிடித்தார். வடக்கு ஓரத்தில் பாறை இடுப்பளவு. தெற்கே கிணறு, அதை ஒட்டித் தடம். பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குளம்புத் தடங்கள் காய்ந்து இறுகிக் கிடந்தன. குழந்தைவேல் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு என்னோடு நடந்தார். கெட்ட ஆள் இல்லை. “தீர்ப்புல இருக்குதுன்னுதானுங்க கேட்டுப் போட்டேன். நானா எழுதுனேன்?” என்றார்.

சாமியாத்தாள் சொம்பில் மோர் கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன், என் தண்ணீர் பாட்டிலைக் காட்டினேன். “வெல்லமும் வாங்கமாட்டீங்க, மோரும் வாங்கமாட்டீங்க. சம்பளம் மட்டும் வாங்குவீங்களாக்கும்” என்றார். ஆறுச்சாமி திரும்பி நின்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கைக்குட்டையால் மூடிக்கொண்டேன்.

ஜூலை 11, வியாழன்

மறுஆய்வு மனுவில் உத்தரவு. நான்கு பத்திதான். குழந்தைவேலின் வக்கீல், இது மேல்முறையீட்டில் பார்க்க வேண்டியது, மறுஆய்வில் வராது என்று நன்றாகவே வாதாடினார். தேடிப்போக வேண்டியதில்லை, தீர்ப்பின் ஒரு பத்திக்கும் இன்னொரு பத்திக்கும் முரண் கண்ணெதிரே இருக்கிறது என்று எழுதினேன்.

நேற்று டிக்டேட் செய்யும்போது, ‘இந்தத் தவறு வரைபடத்தின் அம்புக்குறியை நான் கவனிக்காததால் ஏற்பட்டது’ என்று சொன்னேன். கோகிலமணியின் கை நின்றது.

“அம்மா, குறுக்கே கேக்கறனுங்க. ‘நான்’னே அடிக்கட்டுங்களா? எப்பவும் ‘இந்நீதிமன்றம்’னுதானுங்க போடுவோம்.”

“கேளுங்க, இனி எப்போதும் கேளுங்க. ‘நான்’ என்றே அடிங்க. மண்டபமா அம்பைப் பார்க்காமல் விட்டது?”

இன்று அதைத் திறந்த கோர்ட்டில் நானே வாசித்தேன். அந்த வரியையும் நிறுத்தாமல் வாசித்தேன். ஒன்றும் நடக்கவில்லை, மின்விசிறி சுற்றியது. சாமியாத்தாள் மயில்சாமியிடம், “இந்தவாட்டி எதுக்கும் ஊட்டுக்குப் போயிப் பாத்துட்டே வெல்லம் வாங்கறனுங்க” என்றது மேடை வரை கேட்டது.

கேட்டை சிமெண்டில் ஊன்றியிருப்பதால் எடுக்கக் குழந்தைவேல் அவகாசம் கேட்டார். பதினைந்து நாள் கொடுத்தேன்.

ஜூலை 24, புதன்

மாவட்ட நீதிபதி ஆண்டு ஆய்வுக்கு வந்தார். நேற்று முழுக்க ஒட்டடை அடித்தோம். அன்னங்களைக்கூட ஆறுச்சாமி துடைத்துவிட்டார், ஒன்றின் மூக்கு உதிர்ந்துவிட்டது.

அய்யா அதிகம் பேச மாட்டார். பதிவேடுகளைப் பார்த்தார். பிறகு, “அந்த மறுஆய்வு கட்டைக் கொண்டுவாங்க” என்றார். கட்டின் பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கனகசபாபதி என்னைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு வந்து வைத்தார்.

முதல் தீர்ப்பைப் படித்தார். உத்தரவைப் படித்தார். கடைசியில் வரைபடத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“நீங்க முதல்ல எழுதினதுதானேம்மா சரி? கிணறு இதோ, வடக்கே இருக்கு. எதுக்கு மாத்தினீங்க?”

நான், “அய்யா, தாளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கீழே முத்திரைக்குப் பக்கத்தில்” என்றேன்.

குனிந்து பார்த்தார். திருப்பினார். மறுபடி நேராக வைத்தார், மறுபடி திருப்பினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “டீ வரச் சொல்லுங்க” என்றார். கிளம்பும்போது காரில் ஏறப்போனவர் நின்று, “‘நான்’னு எழுதியிருக்கீங்க” என்றார். ஆமாம் என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 29, திங்கள்

சனிக்கிழமை லியோன் வந்து போனான். எல்லாவற்றையும் சொன்னேன். ‘நான் சொன்னேன்லா’ என்று அவன் சொல்லவே இல்லை. அதற்காக அவனுக்கு இரண்டு மக்ரூன் கூடக் கொடுத்தேன்.

இன்று தபாலில் மாவட்டம் முழுவதற்கும் ஒரு சுற்றறிக்கை: இனி கமிஷனர் வரைபடங்கள் எல்லாவற்றிலும் வடக்கு தாளின் மேல்பக்கம் இருக்க வேண்டும், அம்புக்குறி சிவப்பு மையில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். காரணம் எதுவும் போடவில்லை. என் நிரந்தரம் பற்றி ஒன்றும் வரவில்லை, வரும்போது வரட்டும். கோகிலமணிக்குக் கோபிக்கு மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வருபவரிடம், “குறுக்கே கேட்டா அம்மா ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தரைக்கு ஜன்னல் பக்கம் நின்றேன். லாரிகள் போயின, ஒரு ஐஸ் வண்டி போனது. ஆறு மணிவரை நின்றேன். மாடுகள் இந்தப் பக்கம் வரவில்லை.